டெக்குக்குள் தேங்கிய தண்ணீர்

என் ஃபைபர் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், நங்கூரக் கயிறு கட்டும் கிளீட் என்ற கொம்பு இருக்கிறதல்லவா, அதற்கு ஒரு முழம் பின்னால் கால் வைத்தபோது டெக், அதாவது படகின் மேல்தளம், லேசாக உள்வாங்கியது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெறுங்காலோடு நின்றதால் தெரிந்தது, செருப்பு போட்டிருந்தால் தெரிந்திருக்காது. அதே இடத்தில் குதிகாலை ஊன்றி இன்னொரு தடவை அழுத்தினேன். பொதபொதவென்று இருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் அந்த இடத்தை மூன்று வருடத்துக்கு முன்னால் நானே பழுது பார்த்திருந்தேன்.

அந்த முதல் பழுதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அப்போது டெக்கில் சிலந்தி வலை மாதிரி விரிசல் விழுந்திருந்தது. மேல் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்தேன், விரிசலில் பட்டி அடைத்தேன், அதன்மேல் பாலியஸ்டர் ரெசின் என்ற இறுகும் பிசினில் இரண்டு அடுக்கு மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, ஒட்டினேன், தேய்த்துப் பெயின்ட் அடித்தேன். இரண்டே நாளில் முடிந்த வேலை, பார்க்கவும் அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு வருடம் கழித்து ஒட்டின இடத்தின் விளிம்பைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது, அதன்மேல் கொஞ்சம் பெயின்ட் தடவிவிட்டு மறந்துபோனேன். இப்போது அந்தக் கோட்டில் உளியை நுழைத்து நெம்பினால், இரண்டு அடுக்கு மேட்டும் ஒரே தகடாகப் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் முழுக்க ஈரம்.

இரண்டாவது முறை அதே வேலைக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் ஃபைபர் ஒட்டியது மொத்தமே ஒரு மாலை நேரம். மீதி நாளெல்லாம் எங்கே போயின என்பதைத்தான் எழுத நினைக்கிறேன், ஏனென்றால் டெக் பழுது பற்றி யாரிடம் கேட்டாலும் பேச்சு நேராக எந்த ரெசின், எத்தனை அடுக்கு, எந்த பெயின்ட் என்றுதான் போகிறது. நானும் முதல் தடவை அதைத்தான் கேட்டேன்.

டெக் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலான ஃபைபர் படகுகளில் டெக் ஒரே கனமான ஃபைபர் பலகையாக இருக்காது. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் எடை குறைந்த ஓர் அடுக்கு. நடு அடுக்கு பால்சா மரமாகவோ, பிளைவுட்டாகவோ, நுரைப் பலகையாகவோ இருக்கும். ஒரு பலகையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் இரண்டு மெல்லிய தோல்களை நடுவில் ஏதாவது வைத்து விலக்கிப் பிடித்தாலே போதும், எடை அதிகம் ஏறாமல் டெக் கல் மாதிரி நிற்கும். ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் வரைதான் இந்தக் கணக்கு. நடு அடுக்கு இற்றுப்போனாலோ தோலிலிருந்து விட்டுப்போனாலோ மிஞ்சுவது தனித்தனியாக வளையும் இரண்டு மெல்லிய தகடுகள். என் படகில் மேல்தோல் 3 மி.மீ., கீழ்த்தோல் 2 மி.மீ., நடுவில் 12 மி.மீ. பிளைவுட்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? விரிசலிலிருந்து என்றுதான் நான் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். படகு கட்டும் வேலையிலேயே வயதான ஓர் அண்ணன் எனக்குப் பழக்கம். அவரைக் கூட்டிக்கொண்டுவந்து காட்டினேன். அவர் விரிசலைப் பார்க்கவே இல்லை, குனிந்து கிளீட்டைத்தான் பார்த்தார்.

“தம்பி, இந்த போல்ட்டைக் கடைசியா எப்போ கழற்றினே?”

“கழற்றினதே இல்லைண்ணே. தண்ணி விரிசல் வழியாத்தானே வருது.”

“விரிசல் பின்னாடி வந்ததுப்பா. முதல்ல இதைக் கழற்று.”

கழற்றினேன். நான்கு போல்ட்டில் இரண்டு பழுப்பேறி, மரை தேய்ந்து வந்தன. துரு ஏறாத எஃகு என்று நாம் நம்புகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் அதன் மேலிருக்கும் காப்புப் படலம் நிலைக்கும். ஈர மரத்துக்குள் காற்றில்லாமல் புதைந்து கிடந்தால் அதுவும் அரிக்கும். துளைக்குள் ஒரு கம்பியை விட்டுச் சுரண்டினால் கறுப்பாக, பிசுபிசுவென்று, காப்பித்தூள் ஊறின மாதிரி ஒன்று வந்தது. அதுதான் என்னுடைய பிளைவுட்.

நடந்தது இதுதான். கிளீட்டில் கயிறு ஒவ்வொரு தடவை இழுபடும்போதும் அது ஓர் இம்மி அசைகிறது. தண்ணீர் புகாமலிருக்க அடியில் போட்டிருக்கும் சீலன்ட் என்ற அடைப்புப் பசை சில வருடங்களில் வறண்டு, அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் விட்டுவிடுகிறது. மழைத் தண்ணீரும் அலைத் தண்ணீரும் போல்ட்டை ஒட்டி இறங்குகின்றன. துளை முழுக்கக் கீழ்வரை ஓடி உள்ளே சொட்டினாலாவது நமக்குத் தெரியும். நடுவில் பிளைவுட்டின் வெட்டு முனை திறந்து கிடக்கிறதே, அது நாணல் கட்டு மாதிரி தண்ணீரைப் பக்கவாட்டில் உறிஞ்சிக்கொள்கிறது. பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு இழை திசை மாறுவதால் நாலாபக்கமும் பரவும். பால்சாவை இழை நெட்டுக்குத்தாக நிற்கும்படி வெட்டிப் போடுவதால் பக்கவாட்டில் பரவுவது மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் வளைவுக்காகச் சின்னச் சின்னக் கட்டைகளாக வெட்டிப் பரப்பியிருந்தால் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் தண்ணீர் ஓடிவிடும். குளிர்ப் பிரதேசத்தில் இன்னும் மோசம், உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து விரியும்போது தோலையே நெம்பிவிடுகிறது. மேலும் கீழும் ஃபைபர் மூடியிருப்பதால் உள்ளே போனது ஆவியாகி வெளியேற வழியே இல்லை.

அந்த நிலையில் மேலே இரண்டு அடுக்கு மேட் ஒட்டினேன் என்றால், தண்ணீருக்கு இன்னொரு மூடி போட்டுக் கொடுத்தேன் என்று அர்த்தம்.

எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரிய டெக் முழுக்கத் தட்டிப் பார்க்க வேண்டும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான். திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் ஓர் அங்குலத்துக்கு ஒரு தட்டு. நல்ல இடம் டக் டக்கென்று கூர்மையாகக் கேட்கும், கெட்ட இடம் பொத்தென்று அடங்கிவிடும். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன், 40 செ.மீ.க்கு 60 செ.மீ. வந்தது. அந்தக் கோட்டை நம்பிக்கொண்டு வெட்டத் தொடங்கினேன். ஆனால் தட்டும்போது நன்றாகக் கேட்கும் இடத்திலும் மரம் ஈரமாக இருக்கலாம். ஈரமாகி இன்னும் இற்றுப்போகாத மரம் கெட்டியாகத்தானே ஒலிக்கும்? கடைசியில் உலர்ந்தது போலத் தெரிந்த மரத்தைத் தொடும்போது திறந்த இடம் 80 செ.மீ.க்கு 125 செ.மீ. ஆகியிருந்தது, குறித்ததைப் போல நான்கு மடங்கு.

வெட்டும்போது வட்ட ரம்பத்தின் ஆழத்தை மேல்தோலின் தடிமனுக்கு ஒரு மி.மீ. கூடுதலாக மட்டும் வைத்துக்கொண்டேன். கீழ்த்தோலில் கீறல்கூட விழக் கூடாது. அது முழுசாக இருந்தால்தான் புதிய மரத்தை வைக்க ஒரு தரை கிடைக்கும், டெக்கின் வளைவும் தங்கும். மேல்தோலையும் மரத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் 2 மி.மீ. தகடு தன் எடையிலேயே தொய்ந்துவிடும் என்பதால் டெக்குக்குக் கீழே இருக்கும் அறைக்குள்ளிருந்து பலகையும் கட்டையும் கொடுத்து முட்டு நிறுத்தினேன். இதை மரத்தை எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். தொய்ந்த பிறகு பழைய வளைவு எது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

இற்ற மரத்தை எடுப்பது எளிது, கையாலேயே அள்ளலாம். ஈரமாகியும் இற்றுப்போகாத மரம்தான் உயிரை வாங்கும். கீழ்த்தோலோடு அது நன்றாக ஒட்டியிருக்கும், உளியைப் படுக்க வைத்துச் செதில் செதிலாக எடுக்க வேண்டும். கோபத்தில் உளியைக் கொஞ்சம் நிமிர்த்தினாலும் கீழ்த்தோல் ஓட்டையாகிவிடும்.

அப்புறம் காய வைப்பது. இங்கேதான் ஆறு வாரம் போனது. விளிம்பில் மிஞ்சிய மரம் பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. இரண்டு ஊசி உள்ள ஈரமானியைக் குத்திப் பார்த்தால் 24 சதவீதம் காட்டியது. இந்த முறை நான் எடுத்த ரெசின் எபாக்ஸி, அதைப் பூசுவதற்கு மரம் 12 சதவீதத்துக்குப் பக்கத்திலாவது வர வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. படகின் மேல் தார்ப்பாயில் கூடாரம் போட்டு, இரண்டு பக்கமும் காற்றுப் போக வழி விட்டு, உள்ளே ஒரு மின்விசிறியை ஓட விட்டேன். மழை வந்த நாள்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் விசிறியை நிறுத்திவிட்டு ஒரு வெப்ப விளக்கைத் தள்ளி வைத்து எரித்தேன், கிட்டத்தில் வைத்தால் ஃபைபரும் ரெசினும் கெட்டுவிடும். அசிட்டோனை ஊற்றிக் கழுவினால் தண்ணீர் சீக்கிரம் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். அது மேலோடு நின்றுவிடுகிறது, மரத்தின் உள்ளே ஊறின தண்ணீரை இழுத்து வருவதில்லை, தவிர மூடின கூடாரத்துக்குள் அதன் ஆவி தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. நான் செய்யவில்லை.

அந்த ஆறு வாரமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே ஐந்து இடங்களில் ஊசியைக் குத்தி எழுதி வைத்தேன். 24, 21, 19, 16, 15, 12. நான்காவது வாரம் அண்ணனிடம் போதுமா என்று கேட்டேன். “நீ அவசரப்பட்டதுக்குத்தானே இப்போ இதைப் பிரிச்சுப் போட்டிருக்கே” என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

காத்திருந்த நாள்களில் விளிம்பைச் சரிவாகத் தேய்த்தேன். பழைய தோலும் புதிய ஃபைபரும் சேரும் இடம் நேர் வெட்டாக இருந்தால், ஒட்டிக்கொள்ள மூன்று மி.மீ. உயரமுள்ள ஒரு சுவர்தான் கிடைக்கும். அதனால் பழைய தோலைச் சரிவாகத் தேய்த்து, அந்தச் சரிவின்மேல் புதியதை ஏற்ற வேண்டும். வழக்கமான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 3 மி.மீ. தோலுக்கு 36 மி.மீ. அகலச் சரிவு. கிரைண்டரில் 40ஆம் நம்பர் உப்புத்தாளைப் போட்டுச் சுற்றிலும் தேய்த்தேன். சரிவின் அடியில் உறுதியான மரம் இருக்க வேண்டும், அந்தரத்தில் தொங்கும் தோலில் சரிவு எடுத்தால் நுனி கத்தி மாதிரி மெலிந்து முறிந்துவிடும். ஃபைபர் தூள் உடம்பில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும், மூச்சில் போனால் அரிப்போடு நிற்காது. நுண்தூளைத் தடுக்கும் முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் கிரைண்டரைத் தொட வேண்டாம். குளிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் தூள் தோலில் ஏறாமல் போகிறது என்பது என் அனுபவம்.

ரெசின் விஷயத்தில் இந்த முறை எபாக்ஸி. பாலியஸ்டர் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை, படகே அதில்தான் வார்க்கப்பட்டது. புதிதாக வார்க்கும்போது அடுக்குகள் ஈரம் காயும் முன்பே ஒன்றோடொன்று சேர்ந்து இறுகுவதால் பாலியஸ்டர் நன்றாக வேலை செய்கிறது. பல வருடம் முன்பே இறுகிப்போன ஃபைபரின்மேலோ மரத்தின்மேலோ ஒட்ட வேண்டும் என்றால் அதற்குப் பிடிமானம் குறைவு, இறுகும்போது சுருங்கவும் செய்கிறது. எபாக்ஸியின் பிடிமானம் அதிகம், சுருக்கம் மிகக் குறைவு. ஆனால் கலக்கும் முறை வேறு. பாலியஸ்டரில் இறுகத் தூண்டும் கேட்டலிஸ்ட்டை ஒன்றிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் கூட்டிக் குறைத்து இறுகும் நேரத்தை மாற்றலாம். எபாக்ஸியில் ஹார்டனர் என்ற இறுக வைக்கும் பாகமும் ரெசினும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் அந்தப் பொருளே உண்டாகிறது. டப்பாவில் எந்த விகிதம் போட்டிருக்கிறதோ அதுதான். ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, கடைசிவரை ரப்பர் மாதிரி நிற்கும். எடையில் அளக்கும் விகிதமும் கொள்ளளவில் அளக்கும் விகிதமும் வேறு வேறாக இருக்கும், எதைச் சொல்லியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு சின்ன டிஜிட்டல் தராசில் அளந்தேன். கலக்கும்போது டப்பாவின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து முழுசாக இரண்டு நிமிடம். அந்த ஓரத்தில் ஒட்டின கலக்காத ரெசின்தான் பிற்பாடு டெக்கில் ஒரு பிசுபிசுப்புத் திட்டாக நிற்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறுகாத எபாக்ஸி கையில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் திரும்பப் போகாது. அதற்குப் பிறகு அந்த ஆள் எபாக்ஸி பக்கமே போக முடியாது. நைட்ரைல் கையுறை போடுங்கள், கிழிந்தால் உடனே மாற்றுங்கள். தோலில் பட்டதை அசிட்டோனால் துடைக்கவே கூடாது, அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்பிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும்.

12 மி.மீ. பிளைவுட் ஒன்றை வாங்கி வளைத்துப் பார்த்தேன், டெக்கின் வளைவுக்கு அது மசியவில்லை. அதனால் 6 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு, கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேர் மேலே மேல் அடுக்கின் இணைப்பு வராதபடி மாற்றி வைத்தேன். வைப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் ஆறு பக்கமும் எபாக்ஸி பூசி அடைத்தேன், வெட்டு முனைகளுக்கு மட்டும் மூன்று தடவை. முனை குடித்துக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வறண்டிருக்கும், திரும்பப் பூச வேண்டும், அது குடிப்பதை நிறுத்தும்வரை.

மரத்தில் எபாக்ஸி பூசுவதற்கு நேரம் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. முதல் துண்டைக் காலையில் பூசினேன். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வருகிறது, பூச்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நூறு சின்னத் துளைகள். அதைத் தேய்த்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டியதாயிற்று. மற்ற துண்டுகளை மதியத்துக்குப் பிறகு, சூடு இறங்கத் தொடங்கும்போது பூசினேன். மரம் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதே ரெசின், அதே மரம், ஒரு கொப்புளம் இல்லை. ஆனால் மாலையை ரொம்பவும் தள்ளிப்போட்டால் பனி இறங்கிவிடும். பூசும் பரப்பு பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி, அதனால் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே முடித்து, கூடாரத்தை மூடிவிடுவேன்.

பலகையை வைக்கும் பசைக்கு எபாக்ஸியில் சிலிக்கா தூளைக் கலந்து, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்தேன். முதலில் வெறும் எபாக்ஸியை இரண்டு பக்கமும் பூசி ஈரமாக்கிவிட்டு, பிறகு பல் உள்ள கரண்டியால் இந்தப் பசையைக் கீழ்த்தோலில் வரி வரியாக இழுத்தேன். பலகையில் சின்னத் துளைகள் போட்டிருந்தேன். அழுத்தும்போது ஒவ்வொரு துளையிலும் பசை பிதுங்கி வந்தால் அடியில் காற்று இல்லை என்று தெரியும். மேலே பாலித்தீன் தாளை விரித்து, தண்ணீர் நிரப்பின கேன்களை அடுக்கிவிட்டேன். பதினெட்டு துளையில் பதினாறில் பிதுங்கியது. பிதுங்காத இரண்டிலும் மறுநாள் ஊசியால் எபாக்ஸியை ஏற்றினேன்.

துணி விஷயத்திலும் முதல் தடவை எடுத்ததையே இந்த முறை எடுக்க முடியாது. எங்கும் எளிதாகக் கிடைப்பது மேட், அதாவது வெட்டின இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தூவி ஒரு பசையால் சேர்த்த விரிப்பு. அந்தப் பசை பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது, அதனால் மேட் இளகாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். எபாக்ஸிக்கு நெய்த துணியோ தைத்த துணியோதான் சரி. நான் எடுத்தது சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள பயாக்சியல் துணி, இழைகள் குறுக்குச் சாய்வாக இரண்டு திசையில் ஓடும். கையால் ஒட்டும்போது துணியின் எடைக்குச் சம எடை ரெசின் என்று கணக்கு வைத்தால், ஓர் அடுக்கு இறுகின பிறகு முக்கால் மி.மீ. கனம் வரும். 3 மி.மீ. தோலுக்கு நான்கு அடுக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்துக்குத் துணி 2.4 கிலோ, ரெசின் கலவை 2.4 கிலோ, சரிவின்மேல் ஏறும் பகுதிக்கும் ரோலரில் வீணாவதற்கும் இன்னும் கொஞ்சம்.

நான்கு துண்டுகளையும் முந்தின நாளே வெட்டி, ஒன்றைவிட ஒன்று சிறியதாக, எண் போட்டுச் சுருட்டி வைத்தேன். பெரியதை முதலில் போட்டேன். சின்னதை முதலில் போட்டு மேலே போகப் போகப் பெரிதாக்குகிறவர்களும் உண்டு. பெரியதை முதலில் போட்டால் சரிவு முழுவதையும் ஒரே அடுக்கு தொடர்ந்து பிடிக்கிறது, பிற்பாடு மட்டம் பார்த்துத் தேய்க்கும்போது அந்த அடுக்கின் விளிம்பு அறுபடுவதும் குறைவு. என் மனதுக்கு அதுதான் சரியாகப் பட்டது.

அன்று மாலை அண்ணனும் வந்திருந்தார். நான் கலக்க, அவர் ஒட்ட. முதலில் பரப்பு முழுக்க வெறும் எபாக்ஸி, அதன்மேல் துணி, அதன்மேல் மறுபடி எபாக்ஸி. வெள்ளையாக இருக்கும் துணி ரெசினைக் குடித்ததும் கண்ணாடி மாதிரி தெளிந்து அடியில் இருக்கும் மரம் தெரியும். எங்காவது வெள்ளை மிஞ்சினால் அங்கே காற்று இருக்கிறது, வரி வரியான இரும்பு ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். பளபளவென்று ரெசின் தேங்கினாலும் தவறு, துணி அதில் மிதக்கும், மிதந்தால் வலு குறையும். ரப்பர் பட்டையால் உபரியை வழித்து எடுத்ததும் துணியின் நெசவு லேசாகத் தெரிய வேண்டும்.

மூன்றாவது அடுக்கின்போது நான் அவசரத்தில் அரை கிலோவுக்குமேல் ஒரே டப்பாவில் கலந்துவிட்டேன். அண்ணன் ஒரு மூலையைச் சரிசெய்யும்வரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான்கைந்து நிமிடத்தில் டப்பா சுட்டது, உடனே புகைய ஆரம்பித்தது. எபாக்ஸி இறுகும்போது தானே சூட்டை உண்டாக்கும், குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேற முடியாமல் இறுகுவதை இன்னும் வேகப்படுத்தும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இறுகும் முன் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். டப்பாவைக் கீழே மணலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். அதற்குப் பிறகு 200 கிராமாகக் கலந்து, கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட்டேன். பரப்பினால் சூடு போய்விடுகிறது, நிதானமாக வேலை செய்யலாம்.

கடைசி அடுக்கின்மேல் பீல் பிளை என்ற நைலான் துணியை விரித்தோம். அது எபாக்ஸியில் ஒட்டாது. மறுநாள் உரித்து எடுத்தால் பரப்பு ஒரே சீராகச் சொரசொரவென்று கிடைக்கும். இன்னொரு முக்கியமான நன்மையும் உண்டு. பல எபாக்ஸிகள் இறுகும்போது, முக்கியமாகக் காற்றில் ஈரம் இருந்தால், மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அதைக் கழுவாமல் தேய்த்தால் தாள் அந்த மெழுகை உள்ளேயே அழுத்திப் பரப்பிவிடும், அடுத்த பூச்சு பிடிக்காது. பீல் பிளையோடு அந்தப் படலமும் போய்விடுகிறது. பீல் பிளை இல்லாத இடங்களை வெறும் தண்ணீரும் நாரும் கொண்டு தேய்த்துக் கழுவினால் போதும், தண்ணீரிலேயே கரையும். கழுவின பிறகுதான் உப்புத்தாள்.

பட்டி பார்ப்பதையும் பெயின்ட்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எளிதில் தேயும்படி நுண்ணிய கண்ணாடிக் குமிழித் தூள் கலந்த பட்டி, நீளமான கட்டையில் சுற்றின உப்புத்தாள், இரண்டு சுற்று எபாக்ஸி பிரைமர், அப்புறம் இரண்டு பாகமாக வரும் பாலியுரேத்தேன் பெயின்ட், நடக்கும் இடத்தில் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்புத் தூள் கலந்த கடைசிப் பூச்சு. எபாக்ஸியை வெயிலில் திறந்து விடவே கூடாது, சூரியனின் புற ஊதாக் கதிர் அதைச் சுண்ணாம்பாக்கிவிடும். நிறம் வெளிர் நிறமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சாதாரண வெப்பத்தில் இறுகின எபாக்ஸி 50, 60 டிகிரி செல்சியசிலேயே இளகத் தொடங்கும், கரும் நிற டெக் நல்ல வெயிலில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும்.

எல்லாம் முடிந்து கெட்டியாக, மழமழவென்று இருக்கும் டெக்கில் திரும்ப நான்கு துளை போட வேண்டும். கிளீட்டைப் பொருத்தியாக வேண்டுமே. இவ்வளவு பாடும் பட்ட பிறகு 6 மி.மீ. துரப்பணத்தை எடுத்துத் துளைத்து, சீலன்ட்டை அப்பி, போல்ட்டை முடுக்கினால் மூன்று வருடத்தில் திரும்ப இதே இடத்தில் நிற்பேன். எனக்கு இந்த மொத்த வேலையிலும் ரொம்பப் பிடித்தது இந்தத் துளைகளை அடைத்ததுதான்.

முதலில் 6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. அகலத்தில் மேல்தோலையும் மரத்தையும் துளைத்தேன், கீழ்த்தோலை விட்டுவிட்டேன். துளையின் சுவரில் வெறும் எபாக்ஸியைத் தடவி மரத்தைக் குடிக்க விட்டேன். குடிக்க விடாமல் நேராகப் பட்டியை ஊற்றினால் மரம் அதிலிருக்கும் ரெசினை உறிஞ்சி, ஓரத்தில் வறட்டுத் தூள்தான் நிற்கும். பிறகு சிலிக்கா கலந்த எபாக்ஸியை அடியிலிருந்து மேலாக நிரப்பினேன். மறுநாள் அதன் நடுவில் 6 மி.மீ. துளை, இந்தத் தடவை கீழ்த்தோலையும் தாண்டி. இப்போது போல்ட்டைச் சுற்றி 3 மி.மீ. கனத்துக்கு எபாக்ஸிக் குழாய் நிற்கிறது. சீலன்ட் ஒரு நாள் தோற்றாலும், தண்ணீர் மரத்தைத் தொடாமல் நேராக அறைக்குள் சொட்டும். சொட்டினால் எனக்குத் தெரிந்துவிடும்.

துளையின் மேல் விளிம்பை லேசாகக் குழித்துவிட்டேன், அங்கே சீலன்ட் ஒரு வளையமாகத் தேங்கிப் போல்ட்டின் கழுத்தைப் பிடிக்கும். சீலன்ட்டுக்கு பியூட்டைல் நாடா. அது இறுகிப்போகாமல் பல வருடம் மெழுகு மாதிரி இளக்கமாகவே இருப்பதால் கிளீட் அசைந்தாலும் விட்டுப்போகாது. சிலிகானை டெக் பக்கமே கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது விட்டுச்செல்லும் பிசுக்கின்மேல் அப்புறம் பெயின்ட்டோ எபாக்ஸியோ வேறு எந்த சீலன்ட்டோ பிடிக்காது. முடுக்கும்போது மேலே போல்ட்டின் தலையை ஒருவர் அசையாமல் பிடிக்க, கீழே இன்னொருவர் நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட் சுழன்றால் கழுத்தில் இருக்கும் வளையம் அறுந்துவிடும். நாடா மெதுவாகத்தான் பிதுங்கும் என்பதால் ஒரே நாளில் முடிக்காமல் மூன்று நாள் தினமும் அரைச் சுற்று திருகினேன். அடியில் அலுமினியத் தகடு ஒன்று கொடுத்து, இழுவை நான்கு புள்ளிகளில் விழாமல் பரவும்படி செய்தேன்.

மரப்படகில் பலகைச் சந்துகளுக்குப் பஞ்சு திணிப்பதைக் கலப்பத்து என்பார்கள். அண்ணன் இளவயதில் அந்த வேலை செய்தவர். நான்கு போல்ட்டையும் முடுக்கி முடித்ததும், “இதுவும் கலப்பத்துதான் தம்பி, பஞ்சுக்குப் பதிலா வேற என்னவோ வெச்சிருக்கே” என்றார்.

மறுநாள் குழாயைத் திறந்து கிளீட்டின்மேல் அரை மணி நேரம் தண்ணீர் விட்டோம். நான் உள்ளே படுத்து, ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் மெல்லிய தாளைச் சுற்றிவைத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் நனையவில்லை. வெளியே வந்து பழைய இடத்தில் குதிகாலை ஊன்றினேன். அசையவில்லை. பிறகு அந்த வாரம் முழுக்க மழை, தினமும் தாளைப் போய்ப் பார்த்தேன்.

டெக்கில் இன்னும் எத்தனை துளைகள் இருக்கின்றன என்று அப்புறம்தான் எண்ணினேன். கைப்பிடிக் கம்பிகளின் அடித்தகடுகள், விளக்குக் கம்பம், அறை மூடியின் கீல்கள், பின்பக்கத்துக் கிளீட்டுகள் இரண்டு, எல்லாம் சேர்த்து 58. நேற்று இடப்பக்கம் இருக்கும் பின் கிளீட்டிலிருந்து தொடங்கினேன். முதல் மூன்று துளைகளில் கம்பியை விட்டுச் சுரண்டியபோது வெளிர் நிறத்தில் உலர்ந்த மரத்தூள் வந்தது. நான்காவதில் வந்தது கொஞ்சம் பழுப்பாக இருந்தது, விரலில் வைத்துத் தேய்த்தால் ஒட்டியது. ஊசியைக் குத்தினேன், 19 காட்டியது. துளைக்குமேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, காற்றுப் போகும்படி ஒரு பக்கம் குச்சி கொடுத்து உயர்த்தி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும்.